ஈயக் குணுக்கும் சப்பாத்துக் கயிறும்

மழை வந்தால் எங்கள் லயத்தில் எல்லோருக்கும் எரிச்சல் வரும். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும் சந்தோஷம் வரும். அதிலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்து மழை என்றால் கேட்கவே வேண்டாம், சோற்றுப் பானையைக்கூட மூடாமல் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிடுவோம்.

காரணம் ரொம்பச் சாதாரணமானது. இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஒன்றோடொன்று ஒட்டிய பத்து ஒற்றையறைக் காம்பராக்கள் கொண்ட லயத்தில் நாங்கள் குடியிருந்தோம். காம்பராக்களுக்கு நடுவே இருந்த சுவர் கூரையைத் தொடாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து வாழ்த்து வரும். புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரு ரகசியம் என்றால் கண்ணால்தான் பேச வேண்டும். தகரக் கூரையில் மழை கொட்டும்போது மட்டும் யாருக்கும் எதுவும் கேட்காது. அந்தச் சத்தம்தான் எங்களுக்குச் சுவர்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தேழு வயது, அவருக்கு முப்பத்திரண்டு. கல்யாணமாகி ஆறு வருஷம். நான் கொழுந்து பறிக்கிறவள். மேல் மலையில் பறித்த கொழுந்தை மூட்டையாக்கி, இழுத்துக் கட்டிய கம்பியில் மாட்டிக் கீழே ஸ்டோருக்கு அனுப்புவார்கள். அந்த மூட்டைகளைக் கட்டிக் கம்பியில் விடுவது அவர் வேலை. ஸ்டோர் என்றால் தேயிலை அரைக்கிற கட்டடம், கடை இல்லை.

இதையெல்லாம் எழுதக் கூச்சமாக இல்லையா என்று என்னைக் கேட்கலாம். கூச்சப்பட வேண்டியவர்கள் எத்தனையோ பேர் தலை நிமிர்ந்து நடக்கிறார்கள். நானும் என் புருஷனும் ஆசையாக விளையாடியதற்கு நான் ஏன் கூச்சப்பட வேண்டும்?

ஒரு மழை ஞாயிறு அன்று தகரப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் அம்மாவின் ஈயக் குணுக்குகள் அகப்பட்டன. அம்மா காலத்தில் பெண்களுக்குக் காது வளர்ப்பார்கள். காதைக் குத்தி, சின்ன ஈய வளையங்களைத் தொங்கவிட்டு, நாளாக ஆகப் பாரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அந்த வளையம்தான் குணுக்கு. தோள் வரை தொங்குகிற காது அம்மாவுக்கு. எனக்கு அதெல்லாம் வேண்டாமென்று விட்டுவிட்டார்கள்.

அவர் ஒரு குணுக்கை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

"ஒனக்கு எலிக் காது. இத எங்கன மாட்டுறது?"

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியாது. ரவிக்கையின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். அவர் முகம் சிவந்துவிட்டது. கறுத்த ஆள்தான், ஆனால் சிவந்தது எனக்குத் தெரியும்.

விளையாட்டாகத்தான் தொடங்கினோம். மலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கைத் தைக்கிற நூலில் ஒரு குணுக்கைக் கோத்து, முலைக்காம்பில் லேசாகச் சுற்றித் தொங்கவிட்டார். மெல்லிய இழுப்பு. கொஞ்சம் வலி, அதற்குப் பின்னாலேயே ஓர் இனிப்பு. மூச்சு விடும்போது அது அசையும், அசையும்போது உடம்பு முழுக்கத் தெரியும்.

எனக்கு அது ஏன் அவ்வளவு பிடித்தது என்று பிறகு யோசித்திருக்கிறேன். நாள் முழுக்கக் கூடைக் கயிறு தலையை அழுத்தும், பிடரி கடுக்கும். அந்தப் பாரம் முழுக்கத் தோட்டத்துத் துரைக்குப் போகும். இந்தக் குணுக்கின் பாரம் யாருக்கும் போகாது, எந்தத் தராசிலும் ஏறாது. என் உடம்பு எனக்காகச் சுமந்த ஒரே பாரம் அதுதான்.

நூல்தான் நிற்கவில்லை. மூன்று தடவை குணுக்கு நழுவிப் பாயில் விழுந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அறுவது றாத்தல் மூட்டைய கம்பியில கட்டி விடுறவன் நான். இந்தப் பொடிசு என்கிட்ட வெளையாடுதா?"

அந்த ரோஷத்தில், கை பழகிய முடிச்சையே போட்டார். கம்பி மூட்டைக்குப் போடுகிற முடிச்சு, பாரம் இழுக்க இழுக்க இறுகும். மூட்டை பள்ளத்தில் விழாமல் இருக்க அப்படித்தான் கட்ட வேண்டும். அவர் கைக்குத் தெரிந்த முடிச்சும் அது ஒன்றுதான்.

இந்தத் தடவை நன்றாக நின்றது. கொஞ்ச நேரத்தில் வலி குறைந்தது, பிறகு வலியே இல்லை. பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அங்கேதான் நான் தப்புச் செய்தேன். பனி கொட்டுகிற காலையில் கொழுந்து பறித்தால் விரல் மரத்துப்போகும். அதற்காக நாங்கள் யாரும் கையை எடுத்ததில்லை, மரத்த விரலோடு பறித்துக்கொண்டே போவோம். மரத்துப்போவதை ஓர் எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ள எங்களை யாரும் பழக்கவில்லை. காது வளர்த்த கதை சொல்லும்போது, "தோலு வெளுத்தா ஒடனே கழட்டிப்புடணும்" என்று அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருந்தாள். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

அவர்தான் பார்த்தார். "என்னா புள்ள, நாவப்பழம் மாதிரி ஆயிருச்சு!"

அவிழ்க்கப் பார்த்தார், அவிழவில்லை. வியர்வையில் நனைந்த நூல் சதைக்குள் புதைந்து கிடந்தது. அவர் பதறிப்போய் மூலையிலிருந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்து வந்தார். தேயிலைக் கிளையை ஒரே வெட்டில் சாய்க்கிற வளைந்த கத்தி.

"அந்தக் கத்திய மொதல்ல கீழ வைங்க!" என்று கத்திவிட்டேன்.

அந்த நிமிஷம் பார்த்து மழை நின்றது. கத்தியது லயம் முழுக்கக் கேட்டிருக்கும். உடனே பக்கத்துக் காம்பரா அக்காவின் குரல் கதவடியில் வந்தது.

"என்னா புள்ள சத்தம்? கத்திங்கிற?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "பூரான்க்கா!"

"கதவத் தொற, வெளக்கமாத்தோட வாறேன்."

"வேணாங்க்கா! ஓடிருச்சு!"

"ஓடுனா மறுபடி வரும், தொற புள்ள!"

இங்கே எனக்கு உயிர் போகிறது, அங்கே அக்கா கதவை உலுக்குகிறாள். அவரோ கத்தியும் கையுமாக நடுவில் நிற்கிறார். அக்கா முணுமுணுத்துக்கொண்டு போன பிறகு, சட்டை ஊக்கின் மழுங்கின பக்கத்தை முடிச்சுக்குள் விட்டு இழை இழையாக நெம்பினேன். அவிழ்ந்ததும் ரத்தம் திரும்பி ஓடியதே, அந்த வலியைச் சொல்லி முடியாது. தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். நல்ல வேளை, தோல் கிழியவில்லை. நூல் தடம் மட்டும் பத்து நாள் இருந்தது. அது மறையும் வரை தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, தளர்ந்த ரவிக்கையோடு மலைக்குப் போனேன்.

எனக்கு ஆறிவிட்டது, அவருக்கு ஆறவில்லை. அடுத்த மழை ஞாயிறு வாசல் தாழ்வாரமான இஸ்தோப்பில் போய் உட்கார்ந்து விறகு பிளந்தார், அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். குணுக்குகளை ஆற்றில் எறியப் போனவரிடமிருந்து பிடுங்கி வைத்தேன். தொடவே பயந்தார். பாயில் என் கை பட்டால், தூக்கத்தில் புரளுகிற மாதிரி விலகிப்படுப்பார். அந்த விளையாட்டு மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. ஆறு வருஷத்துப் புருஷனே என்னை விட்டுப் போய்க்கொண்டிருந்தார். எனக்குத் துக்கமாக வந்தது, அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

ஒரு சாயங்காலம் மலையிலிருந்து இறங்கும்போது வழியில் நிறுத்திக் கேட்டேன்.

"என்னாங்க, அன்னிக்கு நொந்தது பத்து நாள்ல போயிருச்சு. நீங்க இப்பிடி ஒதுங்கியிருக்கிறதுதாங்க நோகுது."

அவர் தரையைப் பார்த்தார். "என் கைக்கு ஒரு முடிச்சுதான் தெரியும் புள்ள. ஒன்னயும் மூட்ட மாதிரி கட்டிப்புட்டேன்."

"அப்ப வேற முடிச்சுக் கத்துக்கிருங்க. எனக்கு நீங்க வேணும்."

சொல்லிவிட்டு அவருக்கு முன்னால் இறங்கி வந்துவிட்டேன்.

ரெண்டு நாள் கழித்து மலையில் ஒரு கூத்து நடந்தது. எங்களை வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை காலில் கயிறு கட்டிய சப்பாத்துப் போடுகிறவர். மத்தியானக் கொழுந்து நிறுவை முடிந்து அவர் கல்லில் உட்கார்ந்து, அவிழ்ந்த கயிற்றை முடிந்துகொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் போய் அவர் எதிரே குந்திவிட்டார்.

"ஐயா, ரெண்டு பக்கமும் காது வச்சுக் கட்டுறீங்களே, அத ஒருக்கா மெதுவா காட்டுவீங்களா?"

கணக்கப்பிள்ளை இவருடைய வெறுங்காலைப் பார்த்தார். "ஒனக்கு என்னத்துக்குய்யா இது?"

"சும்மா, தெரிஞ்சுக்கத்தாங்க ஐயா."

மனிதர் மூன்று தடவை கட்டிக் காட்டினார். நுனியை ஒரு இழுப்பு இழுத்தால் அத்தனையும் அவிழ்ந்துவிடுகிற முடிச்சு. இவர் ஏதோ சாமி கும்பிடுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்த வாரமே அக்கரப்பத்தனைக் கடைவீதியில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் கயிறு மட்டும் வாங்கி வந்தார். அவ்வளவுதான், இவர் சப்பாத்துப் போடப்போகிறார் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு.

"என்னா புள்ள, கயிறு வந்திருச்சாம், சப்பாத்து எப்ப வருது? ஒன் புருசன் தொரையாகப்போறாரா?" என்று பக்கத்து அக்கா தண்ணி பிடிக்கிற பீலியில் எல்லோர் முன்னாலும் கேட்டாள். நான் சிரித்து மழுப்பினேன். உண்மையைச் சொன்னால் பீலியில் தண்ணீரே நின்றுபோயிருக்கும்.

அந்த ஞாயிறு காலையிலிருந்தே வானம் இருண்டு கிடந்தது. சோறு தின்று முடித்ததும் கொட்டத் தொடங்கியது. அவர் விறகைத் தொடவில்லை, தாழ்ப்பாளைப் போட்டார். மடியிலிருந்து கயிற்றை எடுத்தார். தட்டையான, மெத்தென்ற கயிறு. நூல் மாதிரி சதையை அறுக்காது. ஈயம் தோலில் படாமல் குணுக்கைப் பழஞ்சீலைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

"மொதல்ல எம்மேலயே கட்டிப் பாத்துட்டேன்," என்றார், என்னைப் பார்க்காமல்.

"எங்கன வச்சு?"

"வெறகுக் கொட்டாயில."

அந்த நெஞ்சில், அந்த மயிர்க்காட்டுக்குள், ஈயக் குணுக்கைத் தொங்கவிட்டுத் தனியாக நின்ற மனிதனை நினைத்துப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தேன். "எப்பிடி இருந்திச்சு?"

"கூச்சமா இருந்திச்சு. பொறகு நல்லாத்தான் இருந்திச்சு," என்றார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். பல வாரங்களுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

கட்டுவதற்கு முன்னால் பேசிக்கொண்டோம். ஒரு குணுக்குக்கு மேல் கிடையாது. நான் மெதுவாக நூறு எண்ணுவேன், அதற்குமேல் ஒரு நொடியும் கிடையாது. நிறம் மாறினாலோ மரத்தாலோ அதற்கு முன்னாலேயே கழற்றிவிட வேண்டும். "வேணாம்" என்று நான் செல்லத்துக்கும் சொல்வேன், அதனால் அந்தச் சொல் உதவாது. யார் வாயிலிருந்து "பூரான்" என்று வந்தாலும், அந்த நிமிஷமே எல்லாம் நிற்க வேண்டும்.

பிறகு கட்டினார். கணக்கப்பிள்ளையின் சப்பாத்தில் இருந்தது மாதிரியே ரெண்டு பக்கமும் காது வைத்த முடிச்சு. முடித்ததும், தொங்கிய கயிற்றின் நுனியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"நீ இழுத்தா அவ்வளவுதான். எங்கிட்ட கேக்க வேணாம்."

நான் உடனே இழுத்தேன். குணுக்கு பொத்தென்று பாயில் விழுந்தது. அவர் முகம் வாடிப்போனது.

"அவுழுதான்னு பாத்தேங்க," என்றேன். "இப்பக் கட்டுங்க."

அவர் விட்ட பெருமூச்சு மழைச் சத்தத்திலும் எனக்குக் கேட்டது. மறுபடி கட்டினார். நுனி மறுபடி என் கைக்கு வந்தது. விடிந்தால் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் கொம்பு ஊதுவார்கள், நாங்கள் ஓட வேண்டும். பறி என்றால் பறிக்க வேண்டும், நிறு என்றால் நிறுக்க வேண்டும், போ என்றால்தான் வீட்டுக்கு வர முடியும். போதும் என்று சொல்கிற உரிமையை அதுவரை யாரும் என் கையில் கொடுத்ததில்லை.

கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக, ஒன்றைக்கூட விடாமல் நூறு வரை எண்ணினேன். பிறகு நானே இழுத்தேன்.