கைமாறாத மாம்பழம்

பாலக்காட்டில் ஜெர்மன் சொல்லிக்கொடுத்தவர்கள் அந்நாளில் நாங்கள் ஆறேழு பேர்தான். வருஷத்துக்கு ஒருமுறை கூடி, அவரவர் பாடம் சொல்லும் விதத்தை மற்றவர்களுக்கு நடத்திக் காட்டுவோம். அந்த வருஷம் முதலமடைப் பக்கத்திலிருந்து புதிதாக ஒருவர் வந்தார். நெடிய உருவம், கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு. எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் கொடுக்கிற பழக்கம். அவர் உட்காருவதற்குள் அவருடைய சாதி எங்கள் எல்லோர் காதுக்கும் வந்துவிட்டது.

"பொஸ்தகத்த மூடி வெச்சுருங்க. பண்டத்தக் கையில குடுத்தாப் பசங்களுக்கு வாக்கியம் மறக்காதுங்க," என்று சொல்லி, பையிலிருந்து ஒரு மாம்பழத்தை எடுத்தார். ‘உங்களுக்குத் தருகிறேன்’ என்று ஜெர்மனில் சொன்னபடி, முன்வரிசையில் இருந்த என்னிடம் இரண்டு கையாலும் நீட்டினார். நான் அதை வாங்கிக்கொண்டு, பதில் வாக்கியம் சொல்லி, அடுத்தவருக்குத் தர வேண்டும். என் கை மடியை விட்டு எழவில்லை. பக்கத்திலிருந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புதியவர் முகம் மாறவில்லை. பழத்தை மேசைமேல் வைத்தார்.

"இங்கயே இருக்கட்டுங்க. வாக்கியத்த மட்டும் சொல்லுங்க, போதும்."

சொன்னோம். ‘உங்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறேன்’ என்று ஒருவர்பின் ஒருவராக, நல்ல ஜெர்மனில் சொன்னோம். பழம் மேசையிலேயே இருந்தது. ஒவ்வொருவருக்கும் தலையசைத்துக் கேட்டவர், கடைசியில், "எல்லாரும் நல்லாச் சொன்னீங்க" என்றார்.

கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மனிதர் மனதாரப் பாராட்டினார்.