அக்னஸ் டீச்சர் வீட்டு ஞாயிறு

விளக்கை அணைத்ததும் அக்னஸ் டீச்சர் கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். படம் இன்னும் தொடங்கியிருக்காது. அழப்போவது அவருக்கு முன்கூட்டியே தெரியும். சமையலறை வாசலில் நிற்கும் ராக்கினி இதை ஆறு வருடமாகப் பார்க்கிறாள்.

ராக்கினி உவரிக்காரி. கடல் கடந்து வந்து, மலாய் நாட்டு ஜார்ஜ்டவுனில் டீச்சர் வீட்டோடு தங்கி வேலை செய்கிறாள். டீச்சர் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவர். ஞாயிறுதோறும் பத்துப் பேரைக் கூட்டி, விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடுகளின் படங்களைப் போட்டுக் காட்டுவார். படம் முடிந்தால் பேச்சு, பேச்சுக்குத் தேநீர், உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப். ராக்கினி காலையிலேயே மாவு பிசைய உட்கார வேண்டும்.

ஃபெரி ஏறினால் அக்கரையில் பாகான் டாலாம். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் அவள் தங்கை லூர்து காய் நறுக்குகிறாள். அவளுக்கும் ஞாயிறுதான் விடுமுறை. அக்காளும் தங்கையும் முகம் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் கைபேசியில்தான். டிசம்பரில் வேலை பெர்மிட் முடிந்து லூர்து ஊரோடு போய்விடுவாள். அதற்குள் ஒரு முழுப் பகலாவது அவளோடு இருந்துவிட வேண்டும் என்று ராக்கினிக்கு ஆசை. கேட்கத்தான் வாய் வரவில்லை.

அன்றைய படத்தில் ஒரு பெண் பக்கத்து நாட்டிலிருந்து வந்து, விடுதலைக்குப் போராடிய மந்திரி வீட்டில் வேலைக்குச் சேர்கிறாள். வெள்ளைக்காரன் போய்விட்டான். வேலைக்காரியைக் கூப்பிட அவன் மாட்டிய மணியை மட்டும் மந்திரியின் மனைவி கழற்றவில்லை, அடித்துக்கொண்டே இருக்கிறாள். ராக்கினிக்கு வசனம் புரியவில்லை. மணி புரிந்தது.

விளக்கு வந்ததும் கூட்டத்தில் இருந்த டெரிக் பேச்சை ஆரம்பித்தார்.

“நம்ம ராக்கினிக்கு லீவு இருக்கா டீச்சர்?”

“என்ன டெரிக், சண்டே முழுக்க லீவு லா. அக்ரிமெண்ட்லயே போட்டிருக்கு.”

எல்லோரும் மெச்சித் தலையாட்டினார்கள். தட்டை நீட்டிக்கொண்டிருந்த ராக்கினி தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

“இன்னைக்கு ஞாயித்துக்கெழமதான் டீச்சர்.”

எடுத்த கறிபாப்பைக் கடிப்பதா, திரும்ப வைப்பதா என்று டெரிக்குக்குத் தெரியவில்லை. டீச்சருக்கு முகம் சுருங்கிவிட்டது. முன்பே வாய் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா, தான் என்ன அந்த மந்திரி பெண்டாட்டியா என்று கேட்டார். அப்புறம் இதைப் பற்றி அரைமணி நேரம் காரசாரமாக விவாதித்தார்கள். அதற்கு ராக்கினி இன்னொரு சுற்றுத் தேநீர் போட்டாள். இனிப் படம் சனிக்கிழமை மாலை என்று ஒருமனதாக முடிவாயிற்று.

முதல் சனிக்கிழமை எல்லோரும் கிளம்பிப் போனபோது பாத்திரங்கள் குவிந்து கிடந்தன. டீச்சர் அவள் தோளைப் பரிவோடு தொட்டார்.

“போய்ப் படு ராக்கினி. நாளைக்கு உனக்கு லீவுதானே, மெதுவா கழுவிக்கலாம்.”

இப்போது ஞாயிறுகளில் பன்னிரண்டு மணிக்கு மேல் ராக்கினி ஃபெரி ஏறுகிறாள். ஆறு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். லூர்து டிசம்பரில் போகிறாள்.