என் இருதயத்துக்குப் பஸ் டிக்கெட் மிச்சம்

இருதய நோயால் எட்டு மாதமாக லாரி ஓட்டவில்லை. என் சாம்ராஜ்யமே மனைவியின் தையல் மிஷினில்தான் ஓடுகிறது.

இன்று அரியலூர் ஆஸ்பத்திரியில் இலவச மாத்திரை வாங்கும் நாள்.

"எனக்கு பஸ் ஃப்ரீ. உங்களுக்குத்தான் டிக்கெட் எடுக்கணும். வூட்லயே கெடங்க, நான் போயிட்டு வரேன்" என்று தனியாகக் கிளம்பிவிட்டாள்.

டாக்டர் கேட்டாராம்: "நோயாளி எங்கம்மா?"

"செலவாவுதுன்னு வூட்ல வச்சிட்டு வந்துட்டேன் சார்."

"ஆளைப் பாக்காம எப்படிம்மா மாத்திரை எழுதுறது?"

மருந்துக்கடையில் வாங்கினால் கஜானா காலி. உடனே எனக்கு வீடியோ கால் போட்டாள். மூவுலகும் அதிர ஓடிவந்து எடுத்தேன், கையில் ஊறுகாய் பாட்டிலோடு. எனக்கு உப்பே ஆகாது.

டாக்டர் சிரித்துக்கொண்டே மாத்திரை எழுதிவிட்டார்.

பாட்டில் இப்போது எதிர்வீட்டுக்கு நாடுகடத்தப்பட்டுவிட்டது. தூது போக யாராவது இருக்கிறீர்களா?