ஜோதி வைக்க வேண்டாம்

எண்பதுகளின் கடைசியில், டெல்லி கோல் மார்க்கெட்டில் ஒரு வீடியோ கடையின் பின்னறையில் எனக்கு வேலை. கல்யாணக் கேசட்டுகளை வெட்டி ஒட்டி, கம்ப்யூட்டரில் வரைந்த இதயம், நட்சத்திரம், தாமரை எல்லாவற்றையும் படத்தின்மேல் பறக்கவிட வேண்டும். கடைக்காரர் பஞ்சாபி. நல்ல மனிதர்தான். ஆனால் தாலி கட்டும் நேரம் பார்த்து மணமக்கள் முகத்தையே மறைத்து ஒரு பெரிய சிவப்பு இதயத்தை நிறுத்திவிடுவார். அதனால் தமிழர் கல்யாணமெல்லாம் என் தலையில் விழுந்தது.

கல்யாணத்துக்கு வராதவர்களையும் கேசட்டுக்குள் வரவழைப்போம். வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா என்றால் போட்டோவைச் சுற்றி நட்சத்திரம். செத்துப்போனவர் என்றால் ஜோதி. இருட்டில் ஒரு சுடர், அதற்குள் முகம், கீழே மணமக்கள்மேல் பொடிப்பொடியாக வெளிச்சம் உதிரும். அந்தச் சுடரைப் புள்ளி புள்ளியாக வரைந்தவள் நான்தான். போட்டோவில் சந்தனப் பொட்டு வைத்திருந்தால் ஜோதி, இல்லாவிட்டால் நட்சத்திரம். யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

ஒரு மே மாதம், ஒரு மணப்பெண்ணின் அண்ணன் தன் அப்பாவின் போட்டோவைக் கொண்டுவந்தான். அதில் சந்தனம் இல்லை.

"அக்கா, ஜோதி வெச்சிடுங்க," என்றான். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். "எத்தனை வருஷம் ஆச்சு! அம்மா சுன்தி ஹி நஹி, சொன்னா கேக்கவே மாட்டேங்குறாங்க."

வைத்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் அவனுடைய அம்மாவே வந்துவிட்டார். லோதி ரோட்டிலிருந்து பஸ்ஸில், அந்த வெயிலில். நெற்றியில் ஒரு ரூபாய் அளவுக்குக் குங்குமம். திரையில் கணவர் முகம் சுடருக்குள் தெரிந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அழிச்சிரு தாயி. அவுக சாகல."

ஒரு காலையில் சைக்கிளில் ஆபீசுக்குப் போனவராம். ஆபீஸ் வாசலில் சைக்கிள் பூட்டியபடி நின்றது. ஆள்தான் இல்லை. தேடாத இடமில்லை. இந்த அம்மா பொட்டை எடுக்கவில்லை, மகள் கல்யாணத்தில் முன்னால் நின்று ஆரத்தியும் எடுத்திருக்கிறார். கேசட் ஊருக்குப் போகும். நாத்தனார் வீட்டில் தெருவே கூடிப் பார்க்கும். சுடரைப் பார்த்த நிமிஷமே இவர் விதவை.

"நான் பெத்த புள்ளையே எம் பொட்டை அழிக்கப் பாக்குறான்," என்றார். எனக்கு அந்தப் பையன்மேல் பற்றிக்கொண்டு வந்தது.

ஜோதியை எடுத்தேன். நட்சத்திரம் போடட்டுமா என்று கேட்டேன்.

"அப்ப எங்க இருக்காகன்னு கேப்பாகளே?"

நியாயம்தான். ஒரு வழி தோன்றியது. போட்டோவைக் கட்டம் கட்டமாக உடைத்து, அப்படியே மண்டபக் கூட்டத்தில் கரைத்துவிடலாம். இருக்கிறார், கூட்டத்தில் எங்கோ இருக்கிறார் என்று ஆகிவிடும். குமிழைத் திருகினேன். கட்டம் பெரிதாகப் பெரிதாகக் கண்ணும் மூக்கும் போய், கறுப்பும் பழுப்புமாகச் சில சதுரங்கள் நின்றன. கூட்டம் ஓடும் கேசட்டுக்குப் பட்டனை மாற்றினேன். திரை மாறவில்லை.

பட்டன் சிக்கிக்கொண்டதென்று ஒரு தட்டுத் தட்டினேன். அப்போது அந்த முகம் தலையைத் திருப்பியது.

போட்டோ எப்படித் திரும்பும்? பார்த்தால், பட்டன் மாறித்தான் இருந்தது. அதே கட்டங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது மண்டப வாசல். யாரோ ஒருவர் தூண் ஓரமாக நின்று நேராகக் கேமராவைப் பார்த்துவிட்டு, மணவறைப் பக்கம் திரும்புகிறார். போட்டோவில் நெற்றி இருந்த கட்டத்தில் நெற்றி, மீசை இருந்த கட்டத்தில் மீசை. இவ்வளவு பெரிய கட்டம் போட்டால் யாரும் யார் மாதிரியும் தெரியலாம். அது எனக்குத் தெரியாததா? தெரிந்தும் கேசட்டைப் பின்னால் சுற்றினேன். திருப்பி ஓட்டினேன். மறுபடியும் எங்களைப் பார்த்தார், மறுபடியும் மணவறைப் பக்கம் திரும்பினார்.

கட்டத்தைக் குறைக்கலாமென்று குமிழில் கை வைத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்த வெக்கையிலும் அவர் கை ஜில்லென்றிருந்தது.

"வேண்டாம் தாயி."

"ஒரு நிமிஷம்மா. யாருன்னு தெரிஞ்சிடும்."

"வேற ஆளா இருந்தா தாங்கிக்கிருவேன். அவுகளா இருந்துட்டா? வாசல் வரைக்கும் வந்து, என்னையப் பாத்துட்டுல்ல போயிருக்காக."

நான் கையை எடுத்துவிட்டேன். வாசலில் நின்ற அந்த முகத்தைக் கட்டங்களோடேயே பதிந்து கொடுத்தேன்.

கிளம்பும்போது, "கல்யாணத்துல எடுத்த கேசட்டு என்னாகும்?" என்று கேட்டார்.

"அதுமேலயே அடுத்த கல்யாணத்தை எடுத்துருவாங்க. இங்க அதுதான் வழக்கம்."

"எப்ப?"

"நாளைக்கு."

"நல்லது," என்றார்.

படியிறங்கி வெயிலில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண், கன்னம், கழுத்து எல்லாம் அழுத்தித் துடைத்தார். நெற்றிப் பக்கம் வந்தபோது மட்டும், பொட்டின்மேல் பட்டுவிடாமல் துணியைச் சுற்றிக் கொண்டுபோனார்.