ஸ்டெல்லா வீட்டுப் புகைக்குழாய்

ஈரமான 'மிலாறு', அதாவது கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி, அடுப்பில் சீறும்போது எழும் புகை கண்ணுக்குள் மிளகாய் தேய்த்தது போல எரியும். எழுபதுகளின் கடைசியில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டியிருந்த லயமொன்றில், அந்தப் புகை எல்லா வீட்டுக்கும் பொதுவாக இருந்தவரை எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. பக்கத்துக் 'காம்பரா'வில், அதாவது ஒட்டிய ஒற்றை அறை வீட்டில், இருந்த ஸ்டெல்லாவின் அப்பா அந்தோனி மாமா, தேயிலைத் தொழிற்சாலையில் தகர வேலை பார்த்தவர், தம் வீட்டு அடுப்புக்கு மேலே குழாய் வைத்துப் புகையைக் கூரைக்கு வெளியே அனுப்பிய பிறகுதான் என் வயிறு எரியத் தொடங்கியது. வகுப்பில் அவள் சட்டையில் சவர்க்கார வாசம். என் சட்டையில் சுட்ட கருவாட்டு வாசம்.

என்னைவிட அம்மாவுக்குப் பொறாமை அதிகம். "அவுங்களதவிட நம்ம குழா ஒரு மொழமாவது ஒசரமா நிக்கணும்" என்று அப்பாவை ஹட்டனுக்கு விரட்டினார். நானும் போனேன். இரும்புக்கடைக்கார முஸ்லிம் நானா மெல்லிய தகரத்தை விரலால் சுண்டிக் காட்டி, "இது சீக்கிரம் துருப்பிடிச்சிரும், கனமானத எடுங்க. எதுன்னாலும் மரத்துல படாம வைங்க" என்றார். கையிலிருந்த காசுக்குக் கனமானது நீளம் குறைவாகத்தான் கிடைக்கும். அப்பா மெல்லியதையே வாங்கினார்.

அந்தோனி மாமாவிடம் யோசனை கேட்க அம்மா விடவில்லை. அப்பாவே கூரையைத் துளைத்து, குழாயைக் கூரை தாங்கும் கைமரத்தோடு கம்பியால் இறுக்கிக் கட்டினார். அது ஸ்டெல்லா வீட்டுக் குழாயைத் தாண்டி நின்றதை அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த ஞாயிறு மதியம், சோறு வெந்துகொண்டிருக்கையில், குழாய் பட்ட இடத்தில் கைமரம் கனன்று தீப்பிடித்தது. எங்கள் கூச்சல் கேட்டுத் தண்ணீர்க் குடத்தோடு முதலில் ஓடிவந்தவர் ஸ்டெல்லாவின் அம்மா மேரி அத்தை. அந்தோனி மாமா கூரையேறிக் குழாயைப் பிடுங்கி எறிந்தார்.

"லயமே போயிருக்கும் அண்ணே! ஒரு வார்த்த சொன்னா வரமாட்டேனா?"

மறுநாள் மாமா கனமான குழாயோடு வந்தார். துளையை அகலமாக வெட்டி, மரத்துக்கும் குழாய்க்கும் நடுவே நல்ல இடைவெளி விட்டு, சுற்றிலும் தகடு அடித்தார். புகைக்கரி வெளியே வடியாமலிருக்க மேல் குழாயைக் கீழ்க் குழாய்க்குள் சொருகினார். அம்மா முகம் பாராமல் தேத்தண்ணி கொடுத்தார். மாமா போனதும், "வேணும்னே நம்மளத கட்டையா வச்சிட்டாரு" என்று முணுமுணுத்தார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

சில வருடங்களில், தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி, ஸ்டெல்லா குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டது. வழியனுப்பப் போன ரயிலடியில் மேரி அத்தையைக் கட்டிக்கொண்டு அம்மா அழுத அழுகையை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை. இப்போது அந்த லயத்தில் குழாய்கள் கிடையாது. துளைகளை அடைத்துவிட்டார்கள், பல வீடுகளில் எரிவாயு அடுப்பு. எங்கள் அடுப்பைத் துடைக்கும்போது அம்மா இன்றும் சில நாள் கேட்பார்: "மேரி அங்க என்ன அடுப்பு வச்சிருக்காளோ? நம்மளதவிட நல்லதாத்தான் இருக்கும்."