சைரனும் நாத்தனாரும்

மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பல வருடம் நர்ஸாக இருந்தவள் அவள். ஆள் குள்ளம், குரல் மட்டும் மூன்றாவது மாடி வரைக்கும் போகும். கூட வேலை பார்த்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் சைரன்.

பள்ளிச் சீருடையோடு வந்து படுக்கும் பிள்ளைகளுக்குக் கட்டுப் போட்டே அலுத்துப்போனாள். ஒரு பையன் அதே கையை இரண்டாவது முறை உடைத்துக்கொண்டு வந்து, படியில் விழுந்துவிட்டதாக அதே பொய்யைச் சொன்னான். அன்று வீட்டுக்கு வந்ததும், "அடிபட்டு வர்ற இடத்துல உக்காந்திருந்தது போதும். அடிபடுற இடத்துக்கே போறேன்" என்று கணவனிடம் சொன்னாள். அவன் தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவன். "போ. நான் தட்டி வேலை வாங்குறேன், நீ கத்தி வேலை வாங்கு" என்றான்.

பள்ளிப் பாதுகாப்பு நிபுணர்களிடம் முறையாகப் படித்துவிட்டு, அவளே பயிற்சி கொடுக்கக் கிளம்பினாள். ஆசிரியர்கள், விடுதிக் காப்பாளர்கள், பள்ளி வேன் ஓட்டுநர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் போனாள்.

அவள் கணவனின் தங்கை வேலை பார்த்த பள்ளியில்தான் அந்தச் சண்டை நடந்தது. நாத்தனார் அங்கே கணக்கு டீச்சர். அண்ணன் வீட்டு மாடியில் தனியாக இருந்தாள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் உடைந்த ஜன்னல் கண்ணாடித் துண்டை எடுத்துக்கொண்டு இன்னொருவன் மேல் பாய, நடுவில் போய் நின்றவள் நாத்தனார். வலது உள்ளங்கை கிழிந்தது. பையனைத் தற்காலிகமாக நீக்கிவிட்டு, ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று பள்ளி நிர்வாகம் சைரனை அழைத்தது.

பயிற்சிக்கு முந்தின சாயங்காலம் நாத்தனார் கீழே வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கையில் கட்டு இருந்ததால் அண்ணிதான் அவளுக்குத் தலை வாரிவிட வேண்டியிருந்தது.

"அண்ணி, அந்தப் பையன் ஆபத்தானவன்னு நாளைக்கு நீங்க சொல்லிடுங்க. நீங்க சொன்னா எடுபடும்."

"சொல்ல மாட்டேன்."

"என் கையைப் பார்த்த பிறகுமா?"

"கட்டுப் போடும்போது உன் கையை உனக்கு முன்னாடியே நான் பார்த்தேன். நீதான் கண்ணை மூடிக்கிட்டிருந்தே." சீப்பு நிற்கவில்லை. "அவன் ஏன் கண்ணாடியை எடுத்தான்னு அங்க யாராச்சும் கேட்டாங்களா? வெளிய அனுப்பிட்டா அவன் கோபமும் கூடவேதான் போகும். இந்தத் தெரு இல்லேன்னா அடுத்த தெரு."

"நீங்க எனக்கு அண்ணியா, அவனுக்கு அண்ணியா?"

சைரன் பின்னலை முடித்து ரப்பர் மாட்டினாள். நாத்தனார் மாடிக்குப் போய்க் கதவை அறைந்து சாத்தினாள்.

மறுநாள் பள்ளி மண்டபத்தில் ஆசிரியர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சைரன் பாடம் நடத்தவில்லை. பள்ளியின் வரைபடத்தைப் பெரிதாக வரையச் சொல்லி, போன வாரம் முழுக்க ஆசிரியர் ஒருவர்கூடக் கால் வைக்காத இடங்களில் சிவப்பு பூசச் சொன்னாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம், ஆய்வகத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்து, மேல் மாடிக் கழிப்பறை. சண்டை தொடங்கியதும் அந்தச் சந்தில்தான்.

பிறகு கோபத்தில் நிற்கும் பிள்ளையிடம் எப்படிப் போவது என்று காட்டினாள். விளையாட்டு ஆசிரியர் கோபக்காரப் பையனாக நடித்தார். "வாசலை மறைச்சு நிக்காதீங்க, அவனுக்கு வழி தெரியணும். முதல்ல வேடிக்கை பார்க்கிற கூட்டத்தை அனுப்புங்க. பார்க்க ஆள் இல்லேன்னா பாதிச் சண்டை அங்கேயே செத்துடும். குரலை இறக்குங்க." அதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "என்னாலயே முடியுது, உங்களால முடியாதா?"

டீ இடைவேளையில் தாளாளர் உள்ளே வந்தார். மைக்கை வாங்கி, "மேடம் முடிக்கிறதுக்குள்ள ஒவ்வொரு வகுப்புலயும் ஆபத்தான பசங்க யாருன்னு அடையாளம் காட்டிடுவாங்க. அடுத்த பருவத்துக்கு முன்னாடி அவங்களை அனுப்பிடுவோம். முதல் ஆள் யாருன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

சைரன் எழுந்தாள். "அதுக்கு நான் வரலை சார். ஆபத்தான இடத்தைத்தான் காலையிலேர்ந்து காட்டிட்டிருக்கேன். அதைச் சரிபண்ணுங்க."

"உங்களைக் கூப்பிட்டது நாங்க."

"கூப்பிட்டது நீங்கதான். என்ன சொல்லணும்கிறது என் தொழில்."

தாளாளர் சைகை காட்ட மைக் அணைந்தது. சைரனுக்கு மைக் எதற்கு? ஒலிபெருக்கியில் வந்ததைவிட உரக்கவே அவள் தொடர்ந்தாள். தாளாளர் முகம் சிவந்தது. "ஒரு டீச்சர் கையைக் கிழிச்சிருக்கான். உங்க வீட்டுப் பொண்ணு. அவங்களுக்கு நியாயம் வேண்டாமா?"

கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நாத்தனார் எழுந்து நின்றாள். காலையிலிருந்து அண்ணியின் முகத்தைக்கூட ஏறிட்டுப் பார்க்காதவள்.

"சார், என் கையைச் சாக்கா வெச்சுப் பேசாதீங்க."

வரிசையை விட்டு நடைவழிக்கு வந்து நின்றாள்.

"எனக்கு அவன் மேல கோபம் இருக்கு. இன்னும் நாளாகும். ஆனா அது என் கோபம், அதை நீங்க எடுத்துக்கிட்டு நாலு பசங்களைத் துரத்த வேண்டாம். கை கிழிஞ்ச இத்தனை நாள்ல நீங்க ஒரு தடவையாவது என்கிட்ட என்ன நடந்ததுன்னு கேட்டீங்களா? அந்தச் சந்துல மூணு பேர் அவனைச் சுவரோட வெச்சு அழுத்திட்டு நின்னாங்க. நான் பார்த்தேன். சொல்றேன்னு ரெண்டு தடவை உங்க அறைக்கு வந்தேன். உள்ளேயே விடலை. அப்புறம் கை வலியில நானே அவனை ஆபத்தானவன்னு சொல்ல ஆரம்பிச்சேன்."

"உட்காருங்க டீச்சர்."

"உட்கார மாட்டேன்."

விளையாட்டு ஆசிரியரும் எழுந்தார். பிறகு தமிழ் டீச்சர். எல்லோரும் எழுந்துவிடவில்லை, பாதிக்கு மேல் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேதான் இருந்தார்கள். ஆனால் எழுந்தவர்கள் உட்காரவில்லை. தாளாளர்தான் வெளியே போனார்.

மீதிப் பயிற்சி ரத்து என்று சாயங்காலமே சொல்லிவிட்டார்கள். மறுநாள் அது சைரன் வீட்டில், பழுதான மோட்டார்களுக்கு நடுவே நடந்தது. ஒன்பது ஆசிரியர்கள் வந்தார்கள். கணவன் ஸ்பேனர்களை ஒதுக்கிவைத்துவிட்டு எல்லோருக்கும் டீ போட்டான். "தங்கச்சியும் உன்னை மாதிரியே ஆயிட்டா. வீட்டுக்கு ரெண்டு சைரன், நான் எங்க போறது?" என்று முனகினான்.

பையனை நீக்கியது பற்றிப் பள்ளி நடத்திய விசாரணையில் நாத்தனார் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். பையன் வகுப்புக்குத் திரும்பினான். சந்துக்கு இரண்டு பக்கமும் கம்பிக் கதவு வந்தது. அவன் இன்னும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை; அவளும் கேட்க வைக்கவில்லை. தப்பாகப் போட்ட கணக்கைத் திருத்தித் திருப்பிக் கொடுக்கிறாள், அவன் வாங்கிக்கொள்கிறான்.

சைரனைக் கூப்பிட வேண்டாமென்று தாளாளர் மற்ற பள்ளிகளுக்குச் சொல்லிவைத்தார். சில பள்ளிகள் கேட்டுக்கொண்டன. ஒரு வருடம் கழித்துக் கல்வித் துறை அழைத்தது, ஒரு நிபந்தனையோடு: நிர்வாக விஷயங்களைப் பேசக் கூடாது. போனாள். ஆசிரியர்கள் நிறைந்த அரங்கில் அந்த நிபந்தனையை உரக்கச் சொல்லிவிட்டு, நிமிர்ந்தாள்.

"இதை ஒத்துக்கிட்டு நான் வரலை. காசும் வாங்கலை, சும்மா வந்திருக்கேன். முதல்ல உங்க பள்ளிக்கூடத்து நிர்வாகத்தைப் பத்திப் பேசுவோம்."