மிச்ச மஞ்சள் தண்ணீர்

திருத்தணி லாட்ஜில் எங்கள் பக்கத்து அறையில் அம்மையார்குப்பத்து நெசவுக்கார அம்மாள் ஒருவர் தங்கியிருந்தார். கனத்த உடம்பு, இரண்டு முட்டியிலும் துணிக்கட்டு. படியேறுவதாகத்தான் வேண்டுதல், முட்டி விடவில்லை. அதனால் லாட்ஜ் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மலைப்படி ஏறி வந்தவர்களின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றித் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

நான் காரில் மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தேன். கூட்டத்தால் கார் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. நடந்து வந்த என் மொட்டையைப் பார்த்ததும், நான் வாய் திறக்குமுன் அவர் செம்பைச் சாய்த்துவிட்டார்.

"ஐயோ, நான் கார்ல போனேன்மா."

"ஆங்? வண்டி எங்க கீது?"

தெருமுனையைக் காட்டினேன்.

"அப்போ மலை ஏறினது அதுதானே சாமி."

முட்டியைப் பிடித்துக்கொண்டே எழுந்தார். வலியில் பல்லைக் கடித்தபடி தெருமுனை வரை நடந்து, மிச்சத் தண்ணீரை நான்கு சக்கரத்துக்கும் ஊற்றி, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கேலி செய்திருந்தால் சிரித்துத் தப்பித்திருப்பேன். அந்த முகத்தில் கேலியே இல்லை. நோவில்லாத என் இரண்டு காலும் ஈரமாக இருந்தன. அவற்றை எங்கே ஒளிப்பதென்று எனக்குத் தெரியவில்லை.